முள்ளோடையில் நின்ற பஸ்

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். என் கணவருக்கு 41 வயது. பன்னிரண்டு வருடமாகக் குடி. போன சித்திரையில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் சேர்த்து வைத்தியம் பார்த்தோம். அதன் பிறகு ஐந்து மாதம் ஒரு சொட்டு தொடவில்லை. மகளுக்கு ஃபீஸ் கட்டினார், வீட்டுக்கு வெள்ளையடித்தார். போன மாதம் அரியாங்குப்பத்தில் என் அண்ணன் பெண்ணுக்குக் காதுகுத்து. நானும் பிள்ளைகளும் முதல் நாளே போய்விட்டோம். மறுநாள் தனியாக பஸ்ஸில் வந்தவர், புதுச்சேரி எல்லையில் மதுக்கடைகள் இருக்கும் முள்ளோடையில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டார். ராத்திரி பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். இப்போது தினமும் குடிக்கிறார். ஐந்து மாதமாக உடம்பில் அந்த விஷமே இல்லாத மனிதருக்கு ஒரே நிமிஷத்தில் எப்படி இப்படி ஆகும்? இத்தனை நாளும் எங்களிடம் நடித்தாரா? மாத்திரையும் ஒரு போதைதான் என்று மாமியார் சொன்னதால் இரண்டு மாதத்திலேயே நிறுத்திவிட்டோம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் பொடி ஒன்றைப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். 16 வயதில் ஒரு மகனும் இருக்கிறான், அவனை நினைத்துத் தூக்கம் வரவில்லை. இவரிடம் பேசுவதா, பேசாமல் இருப்பதா என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவர் நடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் இந்த ஒரு கேள்விதான் கிடக்கிறது. ஐந்து மாதம் குடிக்காமல் இருந்தது உண்மை. முள்ளோடையில் இறங்கியதும் உண்மை. இரண்டையும் செய்தது ஒரே மூளைதான். அது எப்படி என்று விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன் அவசரமான ஒன்று. இப்போது தினமும் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் யாராவது அவரை அறையில் பூட்டிவைத்துச் சட்டென்று நிறுத்த முயன்றால் தடுத்துவிடுங்கள். தினமும் குடிப்பவருடைய மூளை, மது கொடுக்கும் மந்தத்தை ஈடுகட்டத் தன்னைத்தானே முடுக்கி வைத்துக்கொண்டிருக்கும். நரம்பை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் பிடி அங்கே தளர்ந்திருக்கும், கிளர்த்திவிடும் குளுட்டமேட்டின் பக்கம் ஏறியிருக்கும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாமல் பிதற்றுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, காய்ச்சல், படபடப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. நான் நோயாளியைக் கையை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பார்ப்பேன். விரல் நடுக்கம் கண்ணுக்குப் படாவிட்டாலும் தாளின் ஓரம் படபடவென்று அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் டீ கிளாஸைப் பிடிக்கும்போது அவர் கை நடுங்கினால், நிறுத்துவது மருத்துவமனையில்தான் நடக்கவேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போங்கள்.

சரி, இப்போது அந்த பஸ்ஸுக்கு வருவோம்.

மது ரத்தத்தை விட்டு இறங்க ஒரு நாள் போதும். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையெல்லாம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். நீங்கள் பார்த்த மூன்று வார வைத்தியம் இந்த வேலையை நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் மது உடம்பைவிட்டு இறங்குவது வேறு, அது மூளையில் எழுதிவைத்தது அழிவது வேறு. இரண்டாவதற்கு மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு வருடங்களும் ஆகும்.

எங்கே எழுதுகிறது? நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒரு செல் இன்னொன்றுக்குச் செய்தி சொல்லும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர், நரம்புச் சந்திப்பு என்று வைத்துக்கொள்வோம். அங்கே இரண்டு செல்லும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனை நாலாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. இந்தப் பக்கத்துச் செல் வேதிப்பொருளைத் தூவும், அந்தப் பக்கத்துச் செல் அதை ஏற்பிகளால் வாங்கிக்கொள்ளும். ஏற்பிகள் கூடினால் அந்தச் சந்திப்பு பலமாகும், குறைந்தால் மெலியும். நாம் கற்றுக்கொள்வதெல்லாம் இந்தக் கூடுதல் குறைச்சலில்தான் நடக்கிறது. வாசலில் கோலம் போடும்போது ஒவ்வொரு வளைவையும் யோசித்தா போடுகிறீர்கள்? கை தானாகப் போகிறது. முதன்முதலில் உங்கள் அம்மா கைபிடித்துப் போட்டுக்காட்டிய நாளிலிருந்து சில சந்திப்புகள் பலத்துக்கொண்டே வந்ததன் பலன் அது.

சேர்ந்து இயங்கும் நரம்புச் செல்களுக்கு நடுவே இணைப்பு பலப்படும் என்று 1949இல் டொனால்ட் ஹெப் என்ற கனடா நாட்டு உளவியலாளர் எழுதினார். அப்போது அது யூகம்தான். 1973இல் டிம் பிளிஸும் தெர்யே லோமோவும் முயலின் மூளையில் ஒரு நரம்புப் பாதையை விரைவாகத் தூண்டிவிட்டு, அதன் சந்திப்புகள் மணிக்கணக்கில் பலமாகவே நிற்பதை அளந்து காட்டினார்கள். படிப்புக்கும் பழக்கத்துக்கும் என்று இருக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் போதைப்பொருள் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

2001இல் வந்த ஓர் ஆய்வு என்னை இன்றும் யோசிக்கவைக்கிறது. சுண்டெலிகளுக்கு ஒரே ஒரு முறை கோகைன் ஊசி போட்டார்கள். நடுமூளையில், ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களின்மேல் இருக்கும் சந்திப்புகள் பலத்துவிட்டன. மருந்து சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து போய்விட்டது. ஐந்தாம் நாள் பார்த்தபோதும் அந்த மாற்றம் அப்படியே இருந்தது, பத்தாம் நாள்தான் இல்லாமல் போயிருந்தது. ஒரே ஊசிக்கு இது. 2003இல் அதே அளவீட்டை மது, நிகோடின், மார்ஃபின், ஆம்ஃபெட்டமின் ஆகியவற்றுக்கும் செய்து பார்த்தார்கள். வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்தப் பொருள்கள் எல்லாம் அதே சந்திப்புகளை அதே மாதிரி பலப்படுத்தின. கூடவே இன்னொன்றையும் பார்த்தார்கள். எந்த மருந்தும் கொடுக்காமல், எலியைக் குளிர்ந்த நீரில் சில நிமிடம் நீந்தவிட்டு பயமுறுத்தினால் போதும், அதே இடத்தில் அதே மாற்றம் வந்தது.

மனஉளைச்சலும் மதுவும் மூளையில் ஒரே இடத்தைத் தொடுகின்றன. கடன்காரர் வாசலில் வந்து நின்ற அன்று, வேலையிடத்தில் அவமானப்பட்ட அன்று, பல மாதம் விட்டிருந்தவர்கள் திரும்பக் குடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குடிக்க அவர்கள் சாக்கு தேடினார்கள் என்று உறவினர்கள் சொல்வார்கள். அது எல்லா நேரமும் சாக்கு இல்லை. அதற்காக வீட்டில் நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமும் இல்லை.

உங்கள் மாமியாரின் பயத்துக்கும் அந்த 2003 ஆய்விலேயே ஒரு பதில் இருக்கிறது. போதைப்பொருள் அல்லாத, ஆனால் மூளையில் வேலை செய்கிற இரண்டு மருந்துகளையும் சோதித்தார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெட்டின் ஒன்று, வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸெபின் மற்றொன்று. இரண்டிலும் அந்த மாற்றம் வரவில்லை. மூளைக்குப் போகும் மாத்திரையெல்லாம் போதை ஆகிவிடாது. மாமியார் சொன்னதில் ஒரு பகுதி சரி என்பதையும் சொல்லவேண்டும்: நடுக்கத்தைத் தணிக்க முதல் சில நாள் கொடுக்கும் டயஸெபாம் வகை மாத்திரைகள் பழக்கமாகிவிடக் கூடியவை, அதனால்தான் அவற்றைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவோம். அப்புறம் நீண்ட நாளுக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை பழக்கமாவதில்லை. முதலாவது, குடித்தால் கிடைக்கும் கிறக்கத்தை மங்கவைக்கும். இரண்டாவது, கிளர்ந்து கிடக்கும் குளுட்டமேட் பக்கத்தைத் தணிக்க உதவும். நீங்கள் இரண்டாம் மாதத்தில் நிறுத்தியது எந்த மாத்திரை என்று எழுதவில்லை. இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால், தாங்குகட்டையைக் கொஞ்சம் சீக்கிரம் எடுத்துவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஆரம்பிக்கலாம். ஈரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர் முடிவு செய்வார்.

பன்னிரண்டு வருடம் திரும்பத் திரும்பக் குடிக்கும்போது மாற்றம் நடுமூளையோடு நிற்பதில்லை. ஆசையைச் செயலாக்கும் பகுதிக்கும், "வேண்டாம், நில்" என்று சொல்லும் முன்நெற்றிப் பகுதிக்கும் பரவுகிறது. கூடவே போதையைச் சுற்றி என்னவெல்லாம் இருந்ததோ அதையும் சேர்த்துக் கட்டிவைக்கிறது. 1990களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமின் செல்களைக் கவனித்தார். ஆரம்பத்தில் சாறு வாயில் விழும்போது அந்தச் செல்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. சாறு வரும்போது சலனமே இல்லை.

என்னிடம் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், முள்ளோடையை அடுத்த கன்னியக்கோயிலைப் பற்றி, இதையே வேறு மாதிரி சொன்னார். "கன்னியக்கோயில் தாண்டுற வரைக்கும் கண்ணாடிய ஏத்திடுவேன் சார். கடை வாசல்ல பெட்டி இறக்கும்போது பாட்டிலும் பாட்டிலும் இடிபடும் பாருங்க, அந்தச் சத்தம் கேட்டாலே வாயில தண்ணி ஊறுது." அவர் குடியை விட்டு அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. சொல்லிக்கொண்டே உள்ளங்கையைத் திருப்பி மேசைமேல் வைத்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்த அறையில் அந்தக் கை பளபளவென்று வேர்த்திருந்தது. சத்தத்தை நினைத்ததற்கே அது.

உங்கள் கணவருக்கு அந்த விளக்கு முள்ளோடைதான். கடலூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி, எல்லை வந்ததும் வரிசையாகக் கடைகள். விலையும் குறைவு. பன்னிரண்டு வருடத்தில் அவர் அங்கே எத்தனை தடவை இறங்கியிருப்பார்? பஸ் வேகம் குறைவது, கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்வது, படிக்கட்டில் கால் வைப்பது எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஐந்து மாதமாக அந்தக் கட்டை யாரும் தொடவில்லை, அவிழ்க்கவும் இல்லை. வீட்டில் இருந்தவரை அதற்கு வேலை வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் தெரிந்திருக்கவேண்டும். நாள் ஆக ஆக ஆசை தானாகக் குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கோகைன் பழகிய எலிகளில் 2001இல் அளந்து பார்த்தபோது, போதையோடு இணைந்த அடையாளத்தைக் காட்டினால் எழும் வேட்கை, நிறுத்திய முதல் நாளைவிட ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து அதிகமாக இருந்தது. பிறகு மதுவிலும் இதேபோல் கண்டார்கள். வாய் பேசாமல் கிடக்கும் சில சந்திப்புகளைப் போதைப்பொருள் புதிதாக உண்டாக்கிவைக்கிறது, விட்டிருக்கும் வாரங்களில் அவை மெல்ல முதிர்ந்து பேச ஆரம்பிக்கின்றன என்று எலி மூளையில் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஆறுகளின் முகத்துவாரத்தைப் பாருங்கள். கோடையில் மணல்மேடு கட்டி, ஆறே இங்கே முடிந்துவிட்டது போலக் கிடக்கும். ஐப்பசி வெள்ளம் இறங்கினால் பழைய வாய் இருந்த இடத்தைத் தேடி உடைத்துக்கொண்டு போகும். ஐந்து மாதம் தாண்டிவிட்டார், இனிப் பயமில்லை என்று அவரும் நம்பினார், நீங்களும் நம்பினீர்கள், தனியாக அனுப்பினீர்கள். அதில் யார் தப்பும் இல்லை. இதை உங்களுக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கவேண்டும்.

அப்படியென்றால் மீட்சியே இல்லையா? இருக்கிறது, ஆனால் அழிப்பதன் மூலம் இல்லை. பழைய கட்டுக்குப் பக்கத்தில் புதிய கட்டு ஒன்றைக் கட்டி, அதைப் பழையதைவிட பலமாக்குவதுதான் வழி. நம்மூரில் இதற்கு எல்லோரும் பார்த்த ஓர் உதாரணம் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவர், பல வருடக் குடிகாரராக இருந்தாலும், விரதம் முடியும்வரை தொடுவதில்லை. விடியுமுன் குளியல், கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், பஜனை. ஊரே அவரை "சாமி" என்று கூப்பிடுகிறது, பழைய கூட்டாளியும் வழிவிட்டு ஒதுங்குகிறான். பக்தியின் பலத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதோடு கூட, அந்த நாற்பது சொச்சம் நாளும் மூளையைச் சுற்றி இருக்கும் எல்லா அடையாளமும் மாறிவிடுகிறது என்பதையும் பாருங்கள். மாலையைக் கழற்றிய அன்று பழைய சட்டை, பழைய தெரு, பழைய கூட்டாளி எல்லாம் திரும்பி வருகின்றன. குடியும் திரும்பி வருகிறது.

அனுபவம் மூளையின் உருவத்தையே மாற்றும் என்பதைக் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே எலிகளில் காட்டினார்கள். வெறும் கூண்டில் வளர்ந்தவற்றைவிட, கூட்டாளிகளும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த இடத்தில் வளர்ந்தவற்றின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, தடிமனாக இருந்தது. நரம்பிழைகளில் மொட்டு மொட்டாக இருக்கும் நுண்முளைகளில்தான் பெரும்பாலான சந்திப்புகள் அமைகின்றன. நல்ல சூழல் அவற்றைப் பெருக்கும் என்பது பின்னால் தெரிந்தது. 2003இல் பிரையன் கோல்பும் அவருடைய குழுவும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: முன்பே போதைப்பொருள் கொடுத்த எலிகளை இந்த நல்ல இடத்தில் விட்டால்? ஆம்ஃபெட்டமினோ கோகைனோ பெற்ற எலிகளில், மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்தும், மற்ற எலிகளில் வந்த அளவுக்கு மாற்றம் வரவில்லை. போதை, அனுபவத்திலிருந்து கற்கும் திறனையே மழுங்கடித்திருந்தது. மகள் அழுதாள், அப்படியும் உறைக்கவில்லையே என்று குடும்பத்தார் என்னிடம் கேட்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. உறைத்திருக்கும், அழுத்தமாகப் பதிந்திருக்காது.

ஆனால் 2008இல் வந்த வேறோர் ஆய்வில், கோகைன் பழக்கிய சுண்டெலிகளை ஒரு மாதம் செழிப்பான சூழலில் வைத்தபோது, போதை சார்ந்த நடத்தைகள் விலகின. மனிதர்களில் பெரிய சான்று வியட்நாம் போரிலிருந்து கிடைத்தது. அங்கே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை, நாடு திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். மிகப் பெரும்பாலோர் திரும்ப அடிமையாகவில்லை. போர் இல்லை, அந்த முகாம் இல்லை, அந்த மருந்து எளிதில் கிடைக்கும் இடமும் இல்லை. உங்கள் கணவரின் சிக்கல், அவருடைய வியட்நாம் 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதுதான்.

ஆகவே ஒரு வருடத்துக்கு அவர் அந்தச் சாலையில் தனியாகப் போகவேண்டாம். போகவேண்டி வந்தால் கூட ஆள் இருக்கட்டும், இடையில் நிற்காத வண்டியாகப் பாருங்கள், கையில் பணம் குறைவாக இருக்கட்டும். இதை அவர்மேல் காவல் போடுவது போலச் செய்யாமல், அவரோடு பேசி முடிவெடுங்கள். மாலையில் வேலை விட்டு வரும் நேரம்தான் வழக்கமாகக் கடினமான நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறொரு வேலை நிலையாக வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடை, பையனோடு வாலிபால், கோயில், எது ஆனாலும் தினமும், அதே நேரத்தில். வெள்ளையடித்ததும் ஃபீஸ் கட்டியதும் நல்ல அறிகுறிகள், ஆனால் அவை வருடத்துக்கு ஒரு முறை வருபவை. சந்திப்புகள் அன்றாடம் நடப்பதைத்தான் கணக்கில் வைக்கும்.

பொடி வேண்டவே வேண்டாம். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதில்லை. மதுவை உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசி வேளை கொடுத்து இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து இருக்கும். டைசல்ஃபிரம் நல்ல மருந்துதான், நானும் எழுதிக்கொடுக்கிறேன். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டும்.

மகனைப் பற்றி: பரம்பரையின் பங்கு சுமார் பாதி, அதனால் அவனுக்கு மற்றப் பிள்ளைகளைவிட ஆபத்து கூடுதல்தான், ஆனால் எழுதிவைத்த விதி இல்லை. "நில்" என்று சொல்லும் முன்நெற்றிப் பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். எவ்வளவு தள்ளித் தொடங்குகிறார்களோ, அடிமையாகும் ஆபத்து அவ்வளவு குறைவு. அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்பதை அவனிடம் மறைக்காமல், அப்பாவைக் கேவலப்படுத்தாமல் சொல்லுங்கள். 16 வயதுப் பையனுக்கு இந்தக் கடிதத்தில் உள்ளது எல்லாம் புரியும்.

மருத்துவமனைக்குப் போவதற்குள் யாரிடமாவது பேசவேண்டும் போல இருந்தால், மனநலத்துக்கான அரசு உதவி எண் டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டும் இலவசம். நீங்களும் உங்களுக்காகப் பேசலாம். தூக்கம் இல்லாமல் எத்தனை நாள் இருப்பீர்கள்?

கடைசியாக, பேசுவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். பேசுங்கள். ராத்திரி குடித்துவிட்டு வந்த நேரத்தில் வேண்டாம், அப்போது சொல்வது எதுவும் உள்ளே போகாது. காலையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அன்னைக்கு முள்ளோடைல பஸ் நின்னப்ப என்ன ஆச்சு?" ஏன் குடித்தாய் என்று கேட்காதீர்கள், அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாரா, யாரைப் பார்த்தார், எந்த இடத்தில் மனசு மாறியது, அதற்கு முந்தின நாள் தூங்கினாரா. குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடும் மீதி இருக்கும் மாத்திரை அட்டைகளோடும் டாக்டரிடம் எடுத்துப்போங்கள். எங்கள் வேலை அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கும்.